மூடி போடுமுன் சொல்ல வேண்டியது

அந்தக் காலத்தில் கண்டியில் ஒரு முஸ்லிம் வீட்டில் கலியாணம் பேசி முடிந்தால், நாள் குறிக்குமுன் ஓர் ஆளைக் கட்டுகஸ்தோட்டைக்கு அனுப்புவார்கள். விருந்துச் சமையல் பண்டாரி சாஹுல் ஹமீது அன்றைக்குச் சும்மா இருக்கிறாரா என்று கேட்டுவரத்தான். மாப்பிள்ளைக்கு வசதியில்லை என்றால் பேசிச் சரிக்கட்டலாம்; பண்டாரிக்கு வசதியில்லை என்றால் நாளை மாற்றத்தான் வேண்டும். இதைச் சாஹுல் ஹமீதே பல இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தன் புகழைத் தானே பாடுவதில் அவருக்கு வெட்கம் கிடையாது. பாடட்டுமே, பொய்ப் புகழா பாடினார்?

முப்பதுகளில் அவரிடம் வேலை பழகிய நாலு பேர் தனித்தனியே பண்டாரிகளானார்கள். அக்குறணையில் ஒருவர், மாத்தளையில் ஒருவர், கம்பளைப் பக்கம் இருவர். யாருடைய அடுப்படிக்குப் போனாலும் ஒரு பழக்கத்தைக் காணலாம். பெரிய சமையல் கிடாரத்துக்கு மூடி போடுமுன் பண்டாரி கையை உயர்த்தி நிறுத்துவார். சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும் ‘ஓ’, அதாவது ‘ஆம், சரி’ என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் மூடி இறங்காது. வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ ஓதல் என்று நினைத்தார்கள். ஓதலுமில்லை, ஒன்றுமில்லை. சாஹுல் ஹமீது என்ற கெட்டிக்காரர் மூக்குடைபட்டுப் படித்த பாடம் அது.

கெட்டிக்காரர் என்றால் கொஞ்ச நஞ்சமல்ல. வெங்காயம் உரிக்கும் வேலையில் சேர்ந்தவர் பத்து வருடத்தில் பண்டாரியானார். வாப்பாவும் இல்லை, சொத்தும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. மற்றவர்கள் ஒரு வேலையை முடித்துவிட்டுச் சுருட்டுப் பற்றவைக்கும்போது இவர் அடுத்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொதிக்கும் சோற்றின் சத்தத்தைக் கேட்டே தண்ணீர் போதுமா என்று சொல்லுவார். நூறு பேருக்குப் போடும் உப்பையும் ஆயிரம் பேருக்குப் போடும் உப்பையும் கையால் அள்ளித்தான் போடுவார். போட்டபின் ருசி பார்க்கமாட்டார். நாக்கு ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பார். பதினைந்து வருடத்தில் கை ஒரு தரமும் ஏமாற்றவில்லை. கெட்டிக்காரனுக்கு வரக்கூடிய ஆகப் பெரிய ஆபத்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு தரம் பிழை விட்டவனுக்கு ஐந்தாம் தரம் யாராவது சொல்லுவார்கள். பிழையே விடாதவனுக்கு யார் சொல்லுவது?

போதாக்குறைக்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். “அடுப்படியில வாய் ஒண்டுதான். அது என்ட வாய்.” புதிதாகச் சேருபவனுக்கு முதலில் சொல்வது அதைத்தான். ஒருமுறை அம்பிட்டியாவில் ஒரு கந்தூரிக்குச் சமைத்தபோது, வெங்காயம் வெட்டுகிற ஆள் வாய் தவறி, “நானா, தீ கூடப் போல” என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டான். அவனை அன்று முழுக்க வெளியே குந்த வைத்தார். சோறும் கொடுக்கவில்லை. தீ கூடத்தான் இருந்தது, அடியும் பிடித்தது. அதற்கு விறகைத் திட்டினார். அதன்பிறகு அவருடைய ஒன்பது ஆட்களும் வாயைச் சாப்பிடுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒன்பது பேரில் இரண்டாவது கை முஹைதீன். சாஹுல் ஹமீதின் மனைவி பாயிஸாவின் தம்பி. அமைதியான மனிதர். மச்சான் கண்ணால் காட்டினால் போதும், கையில் அகப்பை வந்துவிடும். ஒரு நிழல் போலக் கூடவே நின்றார். அவர் நிற்பதைச் சாஹுல் ஹமீது கவனித்ததேயில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருட நோன்பு. டவுனில் ஒரு பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சும் வேலை அவருடையது. பிற்பகலில் அடுப்பு மூட்டினால் அந்தி மஃரிபுக்கு முன் கஞ்சி இறங்கிவிட வேண்டும். சமைக்கிற பத்துப் பேரும் நோன்பாளிகள். ருசி பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. சாஹுல் ஹமீதுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கை இருக்கிறதே!

அன்று கஞ்சி கொதித்து வந்தது. தேங்காய்ப்பால் விட்டார்கள், உள்ளிப்பூண்டு போட்டார்கள். சாஹுல் ஹமீது உப்புச் சாக்குக்குள் கையை விட்டு அள்ளிப் போட்டார். போட்டு முடிக்கவும், பள்ளி மத்திச்சம் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வாசலில் வந்து நின்று கூப்பிடவும் சரியாக இருந்தது. கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் பெரிய மனிதர். பள்ளி விவகாரம் எல்லாம் அவர் கையில். உப்பு ஒட்டிய கையோடு பெரிய மனிதருக்கு ஸலாம் கொடுக்கலாமா? சாஹுல் ஹமீது வாளித் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்க் கைகொடுத்தார். ஹாஜியாருடைய மூத்த மகளுக்கு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். கண்டி, கம்பளை, மாத்தளை, கொழும்பு எல்லா ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

“உங்கட கையாலதான் ஆக்கோணும். வேற ஆருட பேரையும் நான் எடுக்கமாட்டன்” என்றார் ஹாஜியார்.

இந்தக் கையைத்தான் கேட்கிறார் என்று நினைக்க நினைக்கச் சாஹுல் ஹமீதுக்குத் தரையில் கால் பாவவில்லை. திரும்பி வந்து கஞ்சிக்கு முன்னால் நின்றார். கையைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது; ஒரு உப்புக் கல் கூட ஒட்டியிருக்கவில்லை. ஆகவே உப்புப் போடவில்லை. சாக்குக்குள் மறுபடியும் கையை விட்டு, முன்பு அள்ளிய அதே அளவு அள்ளிப் போட்டார்.

ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். முஹைதீன் வாயைத் திறந்தார், மூடினார். மூடி இறங்கியது.

பாங்கு சொன்னதும் முந்நூறு பேர் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கோப்பையை வாயில் வைத்தார்கள். பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தொண்டைகள். பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? கிழவர்கள் இருமினார்கள், சின்னப் பிள்ளைகள் அழுதார்கள், ஒருவர் பாக்கி இல்லாமல் பள்ளித் தண்ணீர்த் தொட்டியான ஹவுளை நோக்கி ஓடினார்கள். கிணறு வற்றாதது அல்லாஹ்வின் கிருபை. ஊரையும் கூட்டிக்கொண்டு ஹாஜியார் சமையல் கட்டுக்கு வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

“ஆருட வேல இது?”

சாஹுல் ஹமீதுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. தான் ஒருமுறைதான் போட்டார் என்று அவருடைய கை சாட்சி சொல்லியது. அப்படியானால் தான் வாசலுக்குப் போன நேரத்தில் வேறு யாரோ போட்டிருக்க வேண்டும். அடுத்த அதிகாரம் யாருக்கு? முஹைதீனுக்கு.

“இவன்தான். நான் அந்தப்பக்கம் போனதும் பெரிய பண்டாரி ஆகப் பாத்தீக்கான்” என்று முழுச் சபைக்கும் முன்னால் விரலை நீட்டினார். “போ வெளிய. இனி என்ட அடுப்படியில உன்ட நிழலும் விழப்படா.”

முஹைதீன் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனார். மற்ற எட்டுப் பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைச் சாஹுல் ஹமீது மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

நோன்புப் பெருநாளுக்கு முஹைதீன் அக்காவைப் பார்க்க வரவில்லை. தாய் தகப்பன் போனபின் ஒரு பெருநாளும் அவர் வராமல் விட்டதில்லை. பாயிஸா அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். சாஹுல் ஹமீது சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றார்.

“அண்டைக்கி ரெண்டு தரம் போட்டது உங்கட கைதான்.”

“ஆரு சொன்ன?”

“அடுப்படி ஆக்கள்ட ஊடுகள்ல எல்லாம் இதுதான் பேச்சு. ஒம்பது பேரும் கண்ணால கண்டீக்காங்க. ஹாஜியாருக்குக் கை கொடுக்கக் கைய கழுவிட்டுப் போனீங்களாம். வந்து கையப் பாத்துட்டுத் திரும்பவும் போட்டீங்களாம். உங்களுக்கிட்ட மட்டும்தான் ஒருத்தரும் சொல்லல்ல.”

சாஹுல் ஹமீதுக்கு வாளித் தண்ணீரின் குளிர்ச்சி ஞாபகம் வந்தது. சோற்றில் வைத்த கையை எடுத்தார். அந்தக் கையை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. முதலில் வந்தது வெட்கமல்ல, கோபம். கண்டும் சொல்லாமல் நின்ற ஒன்பது நன்றிகெட்டவர்கள் மேல் கோபம். சொல்லாதவர்களுக்குத் தான் செய்து வைத்திருந்தது என்ன என்று நினைத்துப் பார்க்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் நல்லவர்தான், ஆனால் நல்ல விஷயங்கள் அவருக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

முஹைதீன் பேராதனைச் சந்தி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடையில் ரொட்டி சுடுகிறார் என்று கேள்வி. சாஹுல் ஹமீது போய்ச் சேர்ந்தபோது கடையில் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் பேச மனமில்லாமல் ஸ்டேஷன் வேலியோரம் நின்றார். கொழும்பு மெயில் வந்து நின்றது. எஞ்சின் சாரதி ஒரு பறங்கித் துரை. மீசையும் தொப்பியுமாக, பார்த்தாலே யாருக்கும் அடங்காதவர் என்று தெரியும். ஆட்கள் ஏறியாயிற்று, மணியும் அடித்தாயிற்று, நீராவி சீறுகிறது. அந்த மனிதர் ஓட்டவில்லை. தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பெட்டியில் மெலிந்த ஒரு கார்ட் பச்சைக்கொடியை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் எஞ்சின் அசைந்தது.

சாஹுல் ஹமீது எத்தனையோ தரம் ரயில் பார்த்தவர், இதைப் பார்த்ததில்லை. இத்தனை பெரிய எஞ்சினை ஓட்டுகிறவர் ஒரு துண்டுத் துணிக்குக் காத்து நிற்கிறார். ஓட்டத் தெரியாமலா நிற்கிறார்? தன் இடத்திலிருந்து பார்த்தால் கடைசிப் பெட்டி தெரியாது என்று தெரிந்துதான் நிற்கிறார். இதில் அவருக்கு மானம் போனதாகவும் தெரியவில்லை. அடுத்த ரயிலையும் சாஹுல் ஹமீது நின்று பார்த்தார். அதிலும் அப்படித்தான்.

கடையில் கூட்டம் கலைந்ததும் போனார். முஹைதீன் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நின்றார்.

“நீ கண்டதுதானே?” என்று கேட்டார் சாஹுல் ஹமீது.

“கண்டேன் மச்சான்.”

“கண்டா சொல்லவேணாமா?”

“சொன்னா?”

சாஹுல் ஹமீது தேத்தண்ணியைக் குடித்தார்.

“உங்கட மேல மட்டும் குத்தம் சொல்லல்ல நான்” என்றார் முஹைதீன். “முந்நூறு பேர்ட நோன்பு. சின்னப் புள்ளைகளும் ஈந்திச்சி. எனக்கு ஏச்சு விழும் எண்டு பயந்து நான் வாய மூடிட்டு நிண்டேன். ஊருக்கு முன்னால நீங்க விரல் நீட்டக்க, சரி, இது எனக்கு வேணும் எண்டுதான் போனேன். ஆனா மச்சான், இனி வாய மூடிட்டு நிக்க எனக்கு ஏலா. வாய் ஒண்டுதான் எண்டா நான் இங்கயே ரொட்டி சுடுறேன்.”

“ஹாஜியார்ட ஊட்டுக் கலியாணம் வருது. நீ இல்லாட்டி எனக்கு ஏலாது.” சாஹுல் ஹமீது தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

முஹைதீன் காலிக் கோப்பையை எடுத்தார். “அந்தக் கலியாணம் முடியும் மட்டும் வாறேன். பொறகு பாப்போம். ஆனா என்னய சபையிலதான் விரட்டினீங்க.”

மீதியைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சபையில் பேச அனுமதி கேட்டு, முந்தின நாளே ஹாஜியாரிடம் போனார் சாஹுல் ஹமீது. விஷயத்தைக் கேட்ட ஹாஜியார் சிரித்தார்.

“ஆறின கஞ்சி, விடுங்க. ஊர் மறந்துட்டு. நீங்களா போய்க் கிளறினா உங்கட பேர்தான் கெடும்.”

“ஊர் மறந்தீக்கி ஹாஜியார். அவன் மறக்கல்ல.”

“அப்ப ஒண்டு கேட்டுக்கொள்ளுங்க. நான் உங்கட கைய நம்பித்தான் கலியாணத்த தந்தீக்கேன். பிழ விட்ட கை எண்டு ஊர் கேட்ட பொறகு என்ட புள்ளட கலியாணத்துல ஒரு சின்னக் குறை வந்தாலும், கண்டியில உங்களுக்கு ஆரும் அடுப்பு மூட்ட இடம் தரமாட்டாங்க.”

சாஹுல் ஹமீது தலையாட்டினார். மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து எழுந்து நின்று சொன்னார். நன்றாகவெல்லாம் பேசவில்லை, நாக்கு தடுமாறியது. கஞ்சியில் உப்பை இரண்டு தரம் போட்டவன் நான், முஹைதீன் பேரில் பிழையில்லை, அவனிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கதவோரம் நின்ற முஹைதீன் சிரிக்கவில்லை. வெளியே வந்து மச்சானுக்கு ஸலாம் கொடுத்துக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் மூடிச் சட்டம் வந்தது. கார்டின் பச்சைக்கொடியைக் காணாமல் ரயில் அசையாத மாதிரி, பத்துப் பேரும் ‘ஓ’ சொல்லாமல் மூடி இறங்காது என்றார். பத்தாவது ஆள் செல்லப்பா. முஹைதீன் போனபிறகு ஏற்பட்ட குறையை நிரப்ப வந்தவர். ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்த தமிழர். விறகு கொத்துவதும் பாத்திரம் விளக்குவதும் அவர் வேலை. “நீயும்தான் சொல்லோணும்” என்று சாஹுல் ஹமீது சொன்னபோது செல்லப்பா திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று.

சட்டம் போட்டால் ஆயிற்றா? முதல் மூன்று விருந்துகளில் சாஹுல் ஹமீது கையை உயர்த்துமுன்பே ‘ஓ, ஓ, ஓ’ என்று பட்டி ஆடுகள் கத்தின மாதிரி கத்தி முடித்துவிட்டார்கள். பதினைந்து வருடப் பயம் மூன்று விருந்தில் தீருமா? அவர்களுக்கு இது பண்டாரியின் புதுப் பைத்தியம். நாலாவது, மௌலூது ஓதிய ஒரு வீட்டுச் சமையல். அதில் முஹைதீன் ‘ஓ’ சொல்லவில்லை.

“ரம்ப போட மறந்தீக்கி.”

சாஹுல் ஹமீதின் கழுத்து நரம்பு புடைத்தது. அகப்பையை ஓங்கின பழைய கை தானாக எழும்பப் பார்த்தது. ஆனால் மணத்துக்கான ரம்பையிலையைக் கிள்ளிப் போட்டார். “வேற?” என்று கேட்டார். குரல் கட்டையாகத்தான் வந்தது. ஆனாலும் கேட்டார். அன்றைக்கு வெங்காயம் வெட்டுகிற ஆள், அம்பிட்டியாவில் வெளியே குந்தியிருந்தவனேதான், தீயைக் கொஞ்சம் இழுக்கலாம் என்றான். இழுத்தார்கள். இப்படித்தான் தொடங்கியது. அவருக்கு எளிதாக இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தரமும் கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரித்தான் விழுங்கினார்.

ஹாஜியார் வீட்டுக் கலியாணம் வந்தது. கட்டுக்கலையில் பெரிய வளவு. பின்பக்கம் பந்தல் போட்டு, கல் அடுக்கி அடுப்பு. சஹன் விருந்து, அதாவது பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணுவது. ஒரு தட்டில் குறை இருந்தால் ஆறு பேரும் பேசுவார்கள். மூன்று கிடாரம் ஆட்டிறைச்சி. முதல்நாள் பின்னேரமே இறைச்சியைத் தயிரில் ஊறவைக்க, ஊரில் வழக்கமாகப் பள்ளியிலிருந்து இரவல் எடுக்கும் செப்புப் பாத்திரங்கள் மூன்று வந்திருந்தன. உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று சாஹுல் ஹமீதே குனிந்து பார்த்து, சரி என்று சொல்லித்தான் இறைச்சியைப் போட்டார்கள். மங்கல் வெளிச்சம். வேலை அவசரம்.

காலையில் இறைச்சி கிடாரங்களுக்கு மாறியது, அடுப்பு ஏறியது, மணம் கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று முன்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. முதல் கிடாரத்துக்கு ‘ஓ’ சொல்லி மூடி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதற்குச் சாஹுல் ஹமீது கையை உயர்த்தினார். ஒன்பது ‘ஓ’ கேட்டது.

“செல்லப்பா?”

செல்லப்பா கையில் சாம்பலும் தேங்காய் நாருமாக நின்றார். “மொதலாளி, நா சொல்ல மாட்டேங்க” என்றார்.

“ஏன்?”

“இந்தக் கறி ஊறின ஏனத்தத்தாங்க இப்ப வெளக்கிக்கிட்டு இருக்கேன். அடியில ஈயம் போயிருச்சுங்க. பச்சையாப் புடிச்சிருக்கு. களிம்பு மாதிரி தெரியுதுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

செம்பில் புளித்த தயிர் பட்டுக் களிம்பு ஏறினால் என்னவாகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சாஹுல் ஹமீது போய்ப் பாத்திரத்தைச் சூரியனுக்குப் பிடித்துப் பார்த்தார். பாதி விளக்கியாகிவிட்டது. மீதியில், அடியோரமாய் ஈயம் தேய்ந்து செம்பு சிவந்திருந்த இடத்தில், கைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கறை இருந்தது. முஹைதீனும் பார்த்தார்.

“களிம்பா, வெறும் கறையா எண்டு எனக்கு சொல்லத் தெரியல்ல மச்சான். பழைய கறையாவும் ஈக்கலாம்.”

சாஹுல் ஹமீதுக்கும் தெரியவில்லை. பின்னாளில் அவர் ஒளிக்காமல் சொன்னது இதுதான்: அந்த இறைச்சியை யாராவது சாப்பிட்டிருந்தால் ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். மூடியைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. போடாவிட்டால் ஒரு சின்னக் குறையல்ல, மூன்றில் ஒரு பங்கு குறை. கண்டியில் அவருடைய அடுப்பு அன்றோடு அணைந்தாலும் அணையும். பத்து முகங்களும் அவரையே பார்த்தன. செல்லப்பாவின் கையிலிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தது.

“குழி வெட்டுங்க” என்றார் சாஹுல் ஹமீது.

கறியைக் கொட்டி மண்ணை இழுத்து மூடும்போது ஹாஜியார் வந்துவிட்டார். மணக்க மணக்க ஆவி பறக்கும் இறைச்சி மண்ணுக்குள் போவதைக் கண்டு மனிதர் மண்வெட்டியை எட்டிப் பிடித்தார்.

“உங்களுக்கு பைத்தியமா?”

சாஹுல் ஹமீது நடந்ததைச் சொன்னார். “பாத்திரத்த பாத்து எடுத்தது நான். பிழ என்டது.”

“களிம்பு எண்டு ஆரு சொன்ன?” ஹாஜியாரின் கண் சுற்றிச் சுழன்று சாம்பல் கையில் நின்றது. “இவனா? விறகு கொத்துறவன்ட பேச்சக் கேட்டா என்ட புள்ளட கலியாணச் சாப்பாட்டக் குழியில கொட்டினீங்க? இவனுக்கு பிழையா தெரிஞ்சீந்தா?”

“பிழையா தெரிஞ்சீந்தாலும் நான் கொட்டித்தான் ஈப்பேன் ஹாஜியார். இண்டைக்கி இவன்ட சொல்லத் தள்ளிட்டு மூடியப் போட்டா, நாளைக்கி உண்மையாவே நஞ்சு விழக்க ஒருத்தனும் எனக்கு சொல்லமாட்டான். நோன்பு நேரத்துல அத நான் கண்டுட்டேன். ஏசுறதெண்டா எனக்கு ஏசுங்க. இவனுக்கு ஏச நான் விடமாட்டேன்.”

ஹாஜியார் குழியைப் பார்த்தார், செல்லப்பாவைப் பார்த்தார். “பந்தி வைக்க நேரமாகுது” என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார்.

அதன்பிறகு அந்த அடுப்படியில் எழுந்த சத்தத்துக்குச் சந்தைக்கடை தோற்கும். வாய் ஒன்றல்ல, பத்து. உருளைக்கிழங்கை அவித்து இரண்டு கறியிலும் சேர்க்கலாம் என்றார் ஒருவர். முட்டை அவித்துச் சஹனுக்கு ஆறு வைத்தால் தட்டு நிறையும் என்றார் இன்னொருவர். வெங்காயம் வெட்டுகிறவன் கேட்காமலே கடைக்கு ஓடினான். கிழங்கு சேர்த்தால் புளிப்புக் குறையும், தேசிக்காய் பிழிய வேண்டும் என்று முஹைதீன் இடைமறித்தார். சாஹுல் ஹமீது ஒவ்வொன்றையும் கேட்டு, இது சரி, அது வேண்டாம் என்று தீர்த்துவைத்தார். அவர் அவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அதைவிட, அவ்வளவு சந்தோஷமாக.

பந்தி நடந்தது. தட்டுக்கு இரண்டு இறைச்சித் துண்டு குறைவுதான். ஆறு முட்டையைக் கண்டு பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் சாப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு கிழவர், கண்டிக்காரர்கள் கிழங்குக்குக் கொடுக்கும் மரியாதையை ஆட்டுக்குக் கொடுப்பதில்லை என்று குறை சொன்னார். சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் சோறு கேட்டார். பந்திகள் முடிந்ததும் ஹாஜியார் பின்பக்கம் வந்தார். மண் மூடிய குழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

“என்ட சின்னப் புள்ளைகளும் அந்தப் பந்தியிலதான் குந்தினாங்க” என்றார். “ரெண்டாவது மகள்ட கலியாணத்துக்கும் நீங்கதான் வரோணும். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”

அந்தப் பெரிய மனிதரின் மன்னிப்பைப் பற்றிச் சாஹுல் ஹமீது அவ்வளவாக யோசிக்கவில்லை. அவர் கண் வேறெங்கோ இருந்தது. முஹைதீன் கையைக் கழுவிவிட்டு, சாரத்தையும் துவாயையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் முடியும்வரை என்று வந்தவர்; கலியாணம் முடிந்துவிட்டது. பேராதனைக்குப் பின்னேர ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. இரு என்று சொல்லலாம். சொன்னால், அக்கா முகத்துக்காகவேனும் இருப்பார். அப்படி இருப்பது சாஹுல் ஹமீதுக்கு வேண்டாம். கிடாரத்தைத் தேய்க்கிற சாக்கில் குனிந்து நின்றார்.

முஹைதீன் பொட்டலத்தை எடுத்தார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

“மச்சான்.”

“ம்.”

“சாப்பிடக்கதான் தெரிஞ்சிச்சி. இண்டைக்கி நெய்ச்சோத்துல கறுவா கூடிப்போச்சி.”

கறுவாப் பட்டையைப் போட்டது சாஹுல் ஹமீதின் கை. பதினைந்து வருடம் யாரும் குறை சொல்லாத நெய்ச்சோறு அது. கழுத்து நரம்பு ஒரு கணம் புடைத்தது. பிறகு தணிந்தது. கிடாரத்தை விட்டு நிமிர்ந்தார்.

“எவ்வளவு கூட?” என்று கேட்டார்.

முஹைதீன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, காட்டுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.